ஓஸ்ரியின் ஒரே பிரஜை

எச்சில்மானி வந்த மூன்றாம் மாதம், அந்த ஐரிஷ் ஊரில் ராஜா அல்லாத ஒரே ஆள் மாட்டு டாக்டர் இசக்கியம்மாள்தான்.

ஒரு சொட்டு எச்சில் போதும். நாற்பது தலைமுறைப் பாட்டன் பூட்டனை அந்தக் கருவி புட்டுப் புட்டு வைத்துவிடும். அவளைத் தவிர ஊரில் ஆயிரத்து நூறு பேர். அத்தனை பேர் உடம்பிலும் ஓஸ்ரி என்கிற பழைய ராஜ்யத்தின் அரச ரத்தம்! அந்தக் காலத்து அயர்லாந்தில் மூத்தவனுக்குத்தான் பட்டம் என்றில்லை, வம்சத்தில் யாரும் கேட்கலாம். எல்லாரும் கேட்டார்கள். கிரீடமெல்லாம் சூட்டிக்கொண்ட பிறகுதான் உறைத்தது, ஆள்வதற்குக் குடிமக்கள் வேண்டுமே! மிச்சமிருந்தது இந்தத் திருநெல்வேலிக்காரி ஒருத்திதான்.

"எல்லையத் தாண்டாத தாயி. நீ போனா எங்க கிரீடம் போச்சு," என்றார் தபால்கார ஃபின்டன் மன்னர். இசக்கியின் காதிலிருந்த மொழிமாற்றி, அவள் அம்மாவின் போன் பேச்சைக் கேட்டே தமிழ் பழகியது.

"பத்து நாள்ல என் தம்பி கல்யாணம்யா! நாத்தனார் முடிச்சு போட நான் ஒருத்திதான் இருக்கேன்!"

"உத்தரவு போட்டாச்சுல்லா."

இசக்கிக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டின. ராஜாக்கள் அவளுக்குக் கொடுத்திருந்த பழைய சட்டப் புத்தகத்தைப் புரட்டினாள். குறை தீராத எளியவர் ராஜாவின் வாசலில் பட்டினி கிடக்கலாம் என்றது அது. அவர் எழுந்திருக்குமுன் ராஜா சாப்பிட்டால் மானம் போயிற்று. அட, உண்ணாவிரதம்! நம்ம ஊர்ச் சரக்கல்லவா!

விடிந்ததும், எல்லா ராஜாக்களுக்கும் பொது வாசலான நாற்சந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஊர் முழுக்க அடுப்பு அணைந்தது. சாயங்காலம் ஃபின்டன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பசி உசுரு போவுது. போயிட்டு வா தாயி!"

போனாள். முடிச்சைப் போட்டாள், மூன்று பாயசம் குடித்தாள், இரண்டு வாரத்தில் திரும்பி வந்தாள். அவள் வீட்டு வாசலில் ஆயிரத்து நூறு பேரும் வெறுந்தலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாரும் பட்டத்த விட்டுட்டோம்," என்று ஃபின்டன் எழுந்தார். "ராஜாவா இருந்தா சோத்துக்கே வழியில்ல. பிரஜையா இருந்தாத்தான் நெனச்சது நடக்கு."

"அப்போ ராஜா யாரு?"

அவர் ஒரு கிரீடத்தை அவள் தலையில் வைத்தார். "பட்டினி கெடக்க ஒரு வாசல் வேணும்லா?"

"அய்யோ, என் எச்சில்ல ஓஸ்ரி கெடையாதே!"

"ரத்தத்த இப்போ யாரு பாக்கா?"

ஆளுக்கொரு மனுவை நீட்டினார்கள். விமானத்தில் வாய்க்கு ஒன்றும் பிடிக்காமல் வந்த இசக்கி, கையிலிருந்த அல்வாப் பொட்டலத்தைப் பார்த்தாள். ஆயிரத்து நூறு பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.