ஆத்தப்பனின் ரத்தம் உறையவில்லை!

"அய்யோ... ரத்தம்...!"

அந்த விடிகாலை அலறலில் மண்ணரை ஊரே எழுந்து உட்கார்ந்தது.

சாயப்பட்டறை முதலாளி ஆத்தப்பனைக் காணோம். சாயத் துணியைச் சுழற்றி ஈரம் பிழியும் ஹைட்ரோ மெஷினுக்குக் கீழே அவருடைய சட்டை மட்டும் கிடந்தது. சுற்றிலும் குட்டையாய் ரத்தம்!

முந்தின நாள் பட்டறையைக் கடைசியாகப் பூட்டியவன் ஹைட்ரோ ஆபரேட்டர் திருமூர்த்தி. போலீஸ் அவனை அள்ளிக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை அவனுக்குக் கல்யாணம்.

மணப்பெண்... ரத்தப் பரிசோதனை லேப் வைத்திருக்கும் பூவாத்தாள்!

மத்தியானம் அவள் மேஜை மேல், பட்டறையில் அள்ளிய ரத்தத்தை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து வைத்தார் இன்ஸ்பெக்டர் ஈஸ்வரமூர்த்தி. பின்னாலேயே மூக்கைச் சிந்தியபடி ஆத்தப்பனின் மனைவி ரங்காத்தாள்.

"அம்மணி, சாம்பிள் கோயமுத்தூர் போயாச்சு. ரிப்போர்ட் வர மாசமாகும். அதுவரைக்கும் உன்ற மாப்பிள்ளை உள்ள களி திங்கோணும். இது என்ற மனசுக்காக... பாத்துச் சொல்லு."

"பழனிக்கு மாலை போட்ட மனுசன் கண்ணு!" ரங்காத்தாள் விம்மினாள். "ஒரு மாசமா வெறும் தயிர்சோறுதான்... அவரப் போயி..."

பூவாத்தாள் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் மெஷினில் சொருகினாள். எதிர்க் குழியில் அதே எடைக்குத் தண்ணீர்க் குழாய். ஒரு பக்கம் கனத்தால் மெஷின் ஆட்டம் போடும். ஹைட்ரோவில் துணி அடுக்கும்போது திருமூர்த்தியும் இதையேதான் சொல்வான்.

ஸ்விட்சைத் தட்டினாள்.

உய்ய்ய்ங்...

நின்றது. குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். அடியில் சிவப்பணுக்கள். மேலே...

கண்கள் விரிந்தன!

"சார்... கொலையே நடக்கலீங்க!"

"என்னது?"

"வெட்டுப்பட்டு வழிஞ்ச ரத்தம் கொஞ்ச நேரத்துல தயிராட்ட உறைஞ்சிருமுங்க. இது ராத்திரி பூராக் கெடந்தும் தண்ணியாட்ட இருக்குதுங்க. ஊசி போட்டு எடுத்து, உறையாம இருக்க மருந்து கலந்திருக்காங்க!"

"யாரு ரத்தம்?"

"அதுதான் வேடிக்கைங்க. மேல நிக்கிற பிளாஸ்மா வைக்கோல் நெறத்துல தெளிவா இருக்கோணும். இது பாலாட்ட இருக்குதுங்க. கொழுப்பா ஒரு கட்டுக் கட்டிப்போட்டு, செரிக்கிறதுக்குள்ள குடுத்த ரத்தமுங்க!"

ரங்காத்தாள் முகம் மலர்ந்தது. "அப்ப அது அவருது இல்லவே இல்ல!"

"ஏனுங்க அக்கா... அவரு மத்தியானச் சோறு எங்கீங்க திம்பாரு?"

"தெனமும் தறி பாக்கப் பல்லடம் போயிருவாரு. அங்க ஏதோ கோயில்ல அன்னதானமாமா..."

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

"பல்லடத்துல தறி மட்டுமா... கோழிப்பண்ணையும் ஜாஸ்தியாச்சே!"

இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப் பறந்தது!

பல்லடத்தில் கோழி வாசம் வந்த கடையெல்லாம் தேடி, கடைசியாக பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ். மூலை மேஜையில் முண்டாசு கட்டிய ஒருவர். இலையில் கோழிக்கால். முழங்கையில் பிளாஸ்திரி. சட்டைப் பையிலிருந்து துளசிமாலை எட்டிப் பார்த்தது.

"ஆத்தப்பன்!"

கோழிக்கால் நழுவியது.

"சார்... செவப்புப் பனியன் அத்தனையும் சாயம் போகுதுங்க! சரக்கு வாங்குற ஜெர்மன்காரன் இன்னைக்குப் பாக்க வர்றான். செத்துட்டேன்னு தெரிஞ்சாத் திரும்பிப் போயிருவான்னு, ஒரு கம்பவுண்டரப் புடிச்சு ரத்தம் எடுத்து ஊத்துனேனுங்க. திருமூர்த்தியப் புடிப்பீங்கன்னு சத்தியமா நெனைக்கலீங்க!"

பூவாத்தாளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம் பிழைத்தது!

"எந்திரிங்க. போலீஸை ஏமாத்துனதுக்கு..."

இன்ஸ்பெக்டர் முடிப்பதற்குள் ரங்காத்தாள் உள்ளே வந்தாள். அழுகையைக் காணோம். அவள் பார்வை புருஷனைத் தாண்டி கோழிக்காலில் போய் நின்றது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"மாலை... போட்டுட்டு... கோழியா?"

ஆத்தப்பன் பாய்ந்துபோய் இன்ஸ்பெக்டரின் முதுகுக்குப் பின்னால் பதுங்கி, இரண்டு கைகளையும் நீட்டினார்.

"சார்... சீக்கிரம் விலங்கு மாட்டுங்க சார்!"

இன்ஸ்பெக்டர் நிதானமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்னங்க அவசரம்? கொலைக் கேஸ்னு எஃப்.ஐ.ஆர். எழுதிப்போட்டேன். பொணத்துக்கு எங்க போறதுன்னுதான் இவ்வளவு நேரமா யோசிச்சிட்டிருந்தேன்!"