ஏழாவது எடைமேடை

காலையில் எழுந்ததும் தமயந்தி முதலில் பேசுவது கெட்டிலிடம்தான். "போடு" என்றால் தண்ணீர் கொதிக்கும். அப்போது பொருளுக்குப் பொருள் இணையத்தில் அழைக்க நெடுமுகவரி வந்துகொண்டிருந்த காலம். கெட்டிலுக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, செருப்புக்குக்கூட இடது, வலது என்று இரண்டு! முகவரியோடு அணுகல் பட்டியல் ஒன்றும் வரும். அந்தப் பொருளை வெளியிலிருந்து யார் யார் அழைத்து விசாரிக்கலாம் என்பது அதில் இருக்கும். தமயந்தியின் கெட்டில் பட்டியலில் ஒரே பெயர், அவளுடையது. குடையிலும் அதே கதை. ஊர் ஊராகப் போய் மற்றவர்களுக்கு முகவரி மாற்றிக் கொடுக்கிறவளுக்குத் தன் பட்டியலில் போட ஆள் கிடையாது. அதில் வருத்தமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

பழைய குறுமுகவரிகள் ஊருக்குப் போதாமல் போய் வெகு நாளாகிவிட்டது. தெருவே ஒரு முகவரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டிருந்ததால், வீட்டில் இருக்கும் கருவியை வெளியிலிருந்து அழைக்க வழியில்லை. சொந்த முகவரி வைத்திருந்தவை கம்பெனிகள் மட்டுமே. ஆவணி முதல் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குக் குறுமுகவரிகளை நாடெங்கும் அணைத்துவிடுவதாக அறிவித்திருந்தார்கள். அதற்குள் மாறாத கருவியை அப்புறம் யாராலும் எட்ட முடியாது.

அந்த ஆவணி முதல் தேதியன்று தமயந்தி ஈரோட்டில் ஒரு மஞ்சள் கிடங்கில் நின்றுகொண்டிருந்தாள். இருநூற்றுப் பதின்மூன்று கருவிகள். ஒவ்வொன்றின் மேலும் புது முகவரி வில்லையை ஒட்டி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். மணி பத்தரை ஆகும்போது ஒன்றுதான் பாக்கி.

"எடைமேடை ஏழு எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டாள்.

கிடங்கின் வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் சென்னியப்பனுக்கு ஐம்பது வயதிருக்கும். காலையிலிருந்து சளைக்காமல் கூடவே நடந்தவர், இப்போது நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"அது... ரிப்பேருங்க. விட்ருங்க அம்மணி."

"ரிப்பேர் மேடை இப்பக்கூட எடை காட்டுதேண்ணே!"

கையிலிருந்த திரையை நீட்டினாள். எழுபத்திரண்டு. எழுபது. எழுபத்து நான்கு. மஞ்சள் மூட்டை மேடையில் கிடந்தால் கிடந்ததுதான், இப்படி ஏறி இறங்காது. கிடங்கை இரண்டு சுற்றுச் சுற்றியவள் ஆறு மேடைகளைத்தான் பார்த்திருந்தாள்.

சென்னியப்பன் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்ற சம்சாரத்தோட நாடிங்க அது. வசுமதிக்கு நெஞ்சு பலமில்லீங்க. பகல்ல ஊட்ல தனியா கெடப்பா. அவ கைப்பட்டைய இங்கிருந்து பாக்கறதுக்கு வேற வழியில்ல. கம்பெனி முகவரில கோத்துப்போட்டு, தெரியாம இருக்கட்டும்னு எடைமேடைன்னு பேரு வெச்சேன். நாலு வருசமாச்சுங்க."

"புது முறையில வீட்டுக்கே முகவரி தர்றாங்களேண்ணே!"

"இத்தன நாளும் எந்த முகவரில இருந்துச்சுன்னு விண்ணப்பத்துல கேக்கறாங்களே. எழுதினா வேலை போயிருமுங்க. வேலை போனா அவளுக்கு மருந்து ஏது?"

கம்பெனி வலையில் அன்னியக் கருவி இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும், அதுதான் விதி. தமயந்தி இதுவரை விதியை மீறியதில்லை. ஆனால் எண்கள் எழுபத்து மூன்று, எழுபத்தொன்று என்று ஓடிக்கொண்டே இருந்தன. மடியில் திரையை வைத்து விண்ணப்பத்தைத் திறந்தாள். 'எடைமேடை ஏழு, கம்பெனியிலிருந்து வீட்டுக்கு மாற்றம்' என்று எழுதினாள். அதில் பொய் ஒன்றுமில்லையே! அணுகல் பட்டியலில் சென்னியப்பன் பெயர், உறவு என்ற இடத்தில் கணவர். வில்லையை அவர் கையில் கொடுத்து, சாயங்காலம் கைப்பட்டையில் ஒட்டிப் படம் அனுப்பச் சொன்னாள். பதினொன்றே காலுக்கு நெடுமுகவரி உயிர்பெற்றது. எடைப்பிரிவுத் திரைகளிலிருந்து ஏழாவது மேடை மறைந்தது.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. எடைப்பிரிவுத் தலைவி மயிலாத்தா மஞ்சள் பூசிய கையோடு ஓடி வந்தாள். பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள், இரண்டு லாரி டிரைவர்கள்.

"ஏனுங், ஏழு நின்னுபோச்சே! வசு அக்காளுக்கு என்னாச்சு?"

சென்னியப்பன் சாக்கிலிருந்து எழுந்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்ன?

"உனக்கு எப்படித் தெரியும் மயிலா?"

"நல்லா கேட்டீங்க! காலமெல்லாம் தராசு பாக்கறவங்க நாங்க. மூட்ட மூச்சு வாங்குமா? மொத வாரமே கண்டுபுடிச்சுட்டோம். போன மாசில நாப்பத்தொண்ணுக்கு எறங்குனப்ப நீங்க சேலத்துல இருந்தீங்க. உங்க ஊட்டுக்குக் கீரை குடுக்கப் போனேன், மயங்கிக் கெடந்தாங்கன்னு சொன்னனே? கீரையாவது ஒண்ணாவது! அடிச்சுப் புடிச்சு ஆட்டோவுல ஓடுனோம். மொதலாளியே காலைல வந்தா 'ஏழு எத்தன காட்டுது'ன்னுதான் கேப்பாரு."

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே..."

"அக்காதான் சொல்ல வேண்டாம்னாங்க. உங்களுக்கு வெக்கமாப் போயிருமாம்."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். யாரும் தடுக்கவில்லை.

புது முகவரியில் பட்டியலில் இல்லாதவர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது என்று தமயந்தி சொன்னதும், "அப்பப் பேரைப் போடுங்க" என்று அத்தனை பேரும் நெருக்கினார்கள். வசுமதியிடம் போனில் கேட்டாள். "போடு கண்ணு, எல்லாத்தையும் போடு" என்று அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் வந்தது. உறவுக்கு நேரே தங்கை, மைத்துனர், கொழுந்தியா என்று அவரவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். கிடங்கில் மற்றவர்களும் வந்து சேர, மொத்தம் முப்பத்தெட்டுப் பெயர். பன்னிரண்டு மணிக்குப் பழைய முகவரிகள் அணைந்தபோது வசுமதியின் நாடி எழுபத்திரண்டு.

"உன்ற பட்டியல்ல யாரு யாரு இருக்காங்க கண்ணு?" போனை வைக்கும்முன் வசுமதி கேட்டாள்.

"நான் மட்டுந்தான்க்கா."

"அப்ப உனக்கு ஒண்ணுன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?"

புறப்படும்போது, "எதுக்கும் இருக்கட்டும்" என்று மயிலாத்தா, காலையில் அவள் முதலில் எழுப்புவது எது என்று விசாரித்து, கெட்டில் பட்டியலில் தன் பெயரையும் போடச் சொன்னாள்.

மறு வாரம் மதுரையில் தன் வீட்டில் இருந்த தமயந்திக்குக் காய்ச்சல். போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். மணி எட்டு. சமையலறையில் கெட்டில் தானாக விழித்து, மஞ்சள் கிடங்கின் இரைச்சலோடு மயிலாத்தாவின் குரலில் பேசியது.

"ஏனுங் அம்மணி, எட்டாவது மேடை இன்னும் சூடாகலையே! உடம்புக்கு என்ன?"