அவரவர் குழை

லண்டன் நோர்பரியில் அட்டை கிடையாது. அதுவும் டிசம்பர் மாதத்தில், ஹீட்டிங் போட்டு ஜன்னலெல்லாம் பூட்டிய வீட்டில் அட்டை ஊர ஒரு நியாயமும் இல்லை. ஆனால் வேலையால் வந்து, குளியலறையில் காலுறையைக் கழற்றிய நிசாந்தனின் கணுக்காலில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. சின்னவிரல் தடிப்பு. வயிறு முட்டக் குடித்துவிட்டு, கறுப்பாய், மினுங்கிக்கொண்டு.

பிடுங்கி டொய்லெட்டுக்குள் எறிந்து தண்ணீரை இழுத்துவிட்டான். இரத்தம் நிற்கவில்லை.

"என்னப்பா, இவ்வளவு நேரமா என்ன செய்யிறியள்?" கீழேயிருந்து மாலினி கேட்டாள்.

"ஒண்டுமில்லை."

இலங்கையால் திரும்பி வந்த நாள் தொட்டு மனைவிக்கு அவன் சொல்லும் பதில் இது ஒன்றுதான். ஒண்டுமில்லை. மாலினியும் துருவிக் கேட்பதில்லை. மனிசன் கவலையில் நிற்கிறான், கூடப் போனவனைக் காட்டில் தொலைத்துவிட்டு வந்தவனுக்குச் சோறு இறங்குமா என்று நினைத்து, மீன் பொரியலை அவன் தட்டில் கூடுதலாய் வைத்தாள். அந்த மீன்தான் அவன் தொண்டையில் முள்ளாய் நின்றது.

தொலைந்தது மாலினியின் ஒரே தம்பி, தர்சிகன். கொழும்பில் ஒரு கலியாணத்துக்கு அத்தானும் மைத்துனனுமாகப் போனார்கள். திரும்ப முதல், தெற்குப் பக்கத்து மழைக்காட்டில் ஒரு நடை நடந்துவிட்டு வருவோம் என்று வெளிக்கிட்டதே நிசாந்தன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பொக்ஸ் ஹில் குன்று ஏறுகிற கூட்டத்தில் அவன் பெரிய ஆள். ஒரு முந்நூறு படி ஏறிவிட்டு இமயமலையையே சுருட்டி வைத்ததுபோல் வாட்ஸ்அப்பில் படம் போடுவான். அந்தக் காட்டில் மஞ்சள் அடையாளம் போட்ட நடைபாதை ஒன்று இருந்தது, மெயின் பாதை. கூட வந்த வழிகாட்டியை வாசலிலேயே தேத்தண்ணி குடிக்கச் சொல்லி விட்டுவிட்டு அதில் கொஞ்சத் தூரம் நடந்தபோது, இடப்பக்கம் கயிறு கட்டி மூடிய இன்னொரு பாதையைக் கண்டான். அதற்கு அங்காலே நீர்வீழ்ச்சி இருக்கிறதாம்.

"வேண்டாம் அத்தான், மூடி வைச்சிருக்கினம்," என்றான் தர்சிகன்.

"விசரா, லண்டனிலையிருந்து வந்து கயித்தைப் பாத்திட்டே திரும்பிப் போறது?"

தர்சிகன் பிறகு மறுக்கவில்லை. வன்னியில் வளர்ந்த பிள்ளை. கயிற்றுக்குப் பக்கத்து மரத்தில் ஆளுக்கொன்றாய் இரண்டு இலைக்குழை முறித்துக் கொப்பில் தொங்கவிட்டு, ஐயனாருக்கென்று கும்பிட்டான். "காட்டுக்கை போறதெண்டால் எங்கடை அப்பா இப்பிடித்தான் செய்யிறவர். குழை தொங்குமட்டும் ஐயனார் பாத்துக்கொள்ளுவார். ஆனால் திரும்பி வரேக்கை அவரவர் குழையை அவரவர்தான் எடுக்கோணும்." நிசாந்தன் அதையும் ஒரு படம் எடுத்துச் சிரித்தான்.

மழை பிடித்தது. பனிப்புகார் இறங்கியது. பாசிக் கல்லில் சறுக்கித் தர்சிகனின் கால் மடங்கிப் போயிற்று. தூக்கிப் பார்த்தும் ஏலவில்லை. பெரிய மரமொன்றின் வேருக்குள் அவனைச் சாய்த்து இருத்தினான். "போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அத்தான். நான் இதிலையே இருக்கிறன், அசையமாட்டன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னான், பாவி.

நிசாந்தன் ஓடிவந்து கயிற்றைத் தாண்டியபோது, கீழே வனக்காவல் சீருடைக்காரர் இரண்டு பேர் வழிகாட்டியை ஏசிக்கொண்டு ஏறி வருவது தெரிந்தது. அந்த நேரம் அவனுக்கு வந்தது பயம் கூட இல்லை, வெட்கம். இத்தனை வயதில், எல்லாம் தெரிந்தவன் மாதிரி நின்று, கயிறு தாண்டிய கள்ளனாய்ப் பிடிபடுகிற வெட்கம். கொப்பில் இரண்டு குழையும் காட்டிக்கொடுப்பதுபோல் ஆடின. இரண்டையும் பிடுங்கி ஜக்கெட் பொக்கெட்டுக்குள் அடைத்தான்.

"மெயின் பாதையிலை, ஆத்துக்குக் கிட்ட, பின்னாலை வந்தவர். திரும்பிப் பாக்க ஆளில்லை," என்றான்.

எப்படியும் தேடிப் பிடித்துவிடுவார்கள் என்று நினைத்தான். பிடிக்கவில்லை. நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் என்று ஒவ்வொரு நாளும் உண்மை இன்னும் பழசாகி, சொல்ல இன்னும் வெட்கமாகிக்கொண்டு போயிற்று. லீவு முடிந்ததென்று பிளேனும் ஏறிவிட்டான். மனிசனா அவன்? அந்தக் கேள்வியை அவனும்தான் கண்ணாடியில் கேட்டுப் பார்த்தான்.

அட்டைக்குப் பிறகு மணம் வந்தது. முதலில் வாசல் ஹோலில், சப்பாத்து வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில், ஊறி உக்கிய இலையும் களிமண்ணும் காளானும் கலந்த அந்தக் காட்டு மணம், மாலினி தாளித்த வெங்காயத்தையும் மீறி, படிக்குக் கீழே கோட்டுகள் தொங்குகிற அலுமாரிக் கதவின் இடுக்கால் மெல்ல மெல்லக் கசிந்தது. பிறகு சத்தம். லண்டன் ரோட்டில் பஸ் போகும் இரைச்சலுக்கும் பொயிலரின் முனகலுக்கும் நடுவே, அகலமான இலைகளில் விழுகிற மழை. வெளியே மழை இல்லை. அவன் வாசல் கதவைத் திறந்து தெருவைப் பார்த்தான். நாலு மணிக்கே இருட்டிப்போன, காய்ந்த தெரு.

"பைப் எங்கையோ ஒழுகுது போலை," என்றாள் மாலினி.

"ஓம். பிளம்பருக்குச் சொல்லுறன்."

அப்போது ராஜீவின் அழைப்பு வந்தது. மாலினியின் பெரியம்மா மகன். கொழும்பில் கடையைப் பூட்டிப்போட்டு, தேடுகிற ஆட்களோடு காட்டடியிலேயே கிடக்கிறான். மாலினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நாளைக்குக் காலமையோடை தேடுறதை நிப்பாட்டப் போகினமாம். ஆத்தங்கரை முழுக்கச் சல்லடை போட்டாச்சு. தண்ணி இருக்கிற காடு, மழைத்தண்ணியைக் குடிச்சாவது ஆள் உயிரோடை இருக்கலாம் எண்டு வயசான ஒராள் சொல்லுறார். இடந்தான் பிழைக்குது எண்டுறார். அத்தான், நல்லா யோசிச்சுப் பாருங்கோ. வேறை பாதை ஏதும் போனனீங்களே?"

மாலினி அவன் முகத்தைப் பார்த்தாள். கையைப் பிடித்தாள். குளிர்ந்த, மஞ்சள் மணக்கிற கை. இதுதான் நேரம். கயிறு என்ற ஒரு சொல். இடப்பக்கம் என்ற ஒரு சொல். வாயைத் திறந்தான்.

"இல்லை ராஜீவ். மெயின் பாதைதான்."

படிக்குக் கீழே, அலுமாரிக்குள், ஆரோ இருமினார்கள்.

மாலினிக்குக் கேட்கவில்லை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். நிசாந்தன் ஹோலில் தனியே நின்றான். கார்பெட் காலடியில் சதக்கென்றது. தண்ணீர். அலுமாரிக் கதவுக்குக் கீழிருந்து வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு இலைத்துண்டு மிதந்தது.

கதவைத் திறந்தான்.

கோட்டுகள். அவனுடைய ஜக்கெட். அதன் பொக்கெட்டுக்குள் காய்ந்து சருகாகியிருக்க வேண்டிய குழைகள், இப்போதுதான் முறித்ததுபோல் பச்சையாய், துளித்துளியாய்ச் சொட்டிக்கொண்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஜக்கெட்டுக்குப் பின்னால் சுவர் இல்லை. பன்னச்செடி. புகார். மழை. பெரிய வேர்.

வேருக்குள் தர்சிகன்.

அசையவில்லை. சொன்னபடி, அதிலேயே இருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்தில் அட்டைகள். கண் மட்டும் பெரிதாய் நிமிர்ந்தது.

"வந்திட்டியளே அத்தான்," என்றான். "எங்கை மற்றாக்கள்?"

எட்டித் தொடுகிற தூரம். கையை நீட்டினால் போதும். தர்சிகன் நீட்டினான். மணிக்கட்டில் சிவப்பு நூல். போக முதல்நாள், மனோர் பார்க் கோயிலில் பூசை செய்து மாலினி கட்டிவிட்ட நூல்.

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. "ஆரோடை கதைக்கிறியள்?"

மாலினியின் காலடி. இப்போது வருவாள். வந்து காண்பாள். தம்பியை. வேரை. எல்லாவற்றையும். கேட்பாள்.

கதவைச் சாத்தினான். முதுகைக் கொடுத்து நின்றான்.

மாலினி இரண்டு கோப்பைகளோடு வந்தாள். "ஆரோடை?"

"ஒண்டுமில்லை."

அவள் கண் கீழே போயிற்று. அவனுடையதும். கதவுக்கும் கார்பெட்டுக்கும் நடுவே, சேறு பூசிய நாலு விரல்கள், மெல்ல, நோகாமல், வெளியே வந்தன. நகத்துக்குள் மண். பின்னாலே சிவப்பு நூலின் நுனி. விரல்களுக்குள் ஒரு குழை. ஒன்றே ஒன்று. அதை நிசாந்தனின் குதிக்காலடியில் வைத்தன. அவனுடைய குழை.

"அக்கா," என்றது கதவு.

ஒரு கோப்பை விழுந்தது. மாலினி கத்தவில்லை. விரல்களைப் பிறகு பார்க்கவும் இல்லை. புருஷனின் முகத்தையே பார்த்தாள். இருபது வருடமாய்ப் பார்த்த முகத்தை இப்போதுதான் பார்க்கிறவள் மாதிரி.

"தம்பியை எங்கை விட்டிட்டு வந்தனீங்கள்?"

விரல்கள் அசையாமல் இருந்தன. அவையும் பதிலுக்குக் காத்திருந்தன.

விலகலாம். ஒரு அடி. கயிறு என்று சொல்லலாம். முகம் காதுவரைக்கும் எரிந்தது. வாய் தன்பாட்டில் திறந்தது.

"மெயின் பாதையிலை."

விரல்கள் ஒவ்வொன்றாய் உள்ளே போயின. மழை நின்றது. காலடியில் கிடந்த குழை, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, சுருண்டு கறுத்துச் சருகாயிற்று. பிறகு, நிசாந்தனின் முதுகுக்கு நேரே, கதவின் அந்தப் பக்கத்தில் ஆரோ மெதுவாய்ச் சாய்ந்து இருக்கிற பாரம் பலகையில் அழுந்தியது.

"பரவாயில்லை அத்தான்," என்றது தர்சிகனின் குரல், சிரித்துக்கொண்டு. "நான் இதிலையே இருக்கிறன்."