புல்லுக்கடியில் மணல்

கழுவிய காலைத் தரையில் வைத்ததுமே கொரொன்விக்கு ஏதோ உறுத்தியது. கூடம் முழுக்கப் புதுக் கோரைப்புல் மெத்தென்று பரப்பியிருந்தது. அதற்கும் கீழே, ஈர விரல்களுக்கிடையே, மணல்.

அது நார்மன் பிரபு ஃபுல்க்கின் கோட்டை. வேல்ஸ் மலையூர்களை வருடக்கணக்காகக் கொளுத்தியவன், இன்று மலைநாட்டுத் தலைவன் மெய்ரிக்கைச் சமாதான விருந்துக்கு அழைத்திருந்தான். மெய்ரிக், கொரொன்வியின் அண்ணன். வேல்ஸ் வீடுகளில் விருந்தாளி ஆயுதத்தை வாசலில் கொடுத்துவிடுவான். கால் கழுவ விட்டால் அன்றிரவு தங்குவதாக அர்த்தம். அதன்பின் எழுந்து போவது வீட்டுக்காரன் முகத்தில் உமிழ்வதற்குச் சமம். இந்த வழக்கத்தைக் கேலி பேசித் திரிந்த நார்மன்காரனுக்குத் திடீரென்று என்ன அக்கறை? கால் கழுவிய பணிப்பெண் ஏன் தலையே நிமிரவில்லை?

வறுத்த பன்றிக்கறியும் தேன்மதுவும் ஈரக் கம்பளியும் கலந்த வாசனைக்குள் எங்கிருந்தோ தோல் கருகும் நாற்றம் வந்தது. எதிர்வரிசையில் ஃபுல்க்கின் ஆட்கள் கோப்பையைத் தூக்கினார்கள், குடிக்கவில்லை. கொரொன்வி மேசைக்கடியில் அந்தப் பக்கம் காலை நீட்டித் துழாவினான். அங்கே புல்லுக்கடியில் வெறும் கல்.

குளிர்காலத்துக்கு முன் மாடு அடிக்கும் கொட்டகையில் இப்படித்தான் மணல் போடுவார்கள். ரத்தத்தில் கால் வழுக்காமல் இருக்க.

"அண்ணா, கிளம்பிடலாம்."

"காலக் கழுவியாச்சுடா. இப்ப எந்திரிச்சா, சமாதானத்த உடைச்சவன் நான்னு ஆயிடும்."

"கீழ மணல் போட்டிருக்காங்கண்ணா. நம்ம பக்கம் மட்டும்."

மெய்ரிக்கின் சிரிப்பு பாதியில் நின்றது. புல்லுக்குள் அவன் கால்விரல்கள் மெல்ல அசைந்தன.

"போய்ச் செருப்ப எடுத்துட்டு வா," என்றான், உதடு அசையாமல்.

கொரொன்வி வாசலுக்கு நடந்தான். ஓடக் கூடாது. கூடத்தில் அதுவரை ஒலித்த யாழ் நின்றுவிட்டது. வந்ததும் அவர்கள் கொடுத்த ஈட்டிகள் சாத்தியிருந்த சுவர் காலி. காலணிகள் இருந்த இடமும் காலி.

"என்ன தம்பி தேடுறீங்க?" ஃபுல்க்கின் குரல், அன்பாக.

"செருப்பு."

"இனிமே அது எதுக்கு?"

நாற்றம் இப்போது அருகில். கொரொன்வி கணப்பைப் பார்த்தான். அண்ணனின் வெண்கலக் கொக்கி வைத்த காலணி, தீயில் சுருண்டுகொண்டிருந்தது. அதன் மேலே அவனுடையது. அதன் மேலே மற்றவர்களுடையவை.

பின்னால் கதவின் தாழ் விழுந்தது.

கதவோரம் அந்தப் பணிப்பெண் நின்றாள். இப்போதும் அவனைப் பார்க்கவில்லை. அழுதுகொண்டிருந்தாள். அவள் கையில் இன்னொரு வாளி மணல்.