ஆறு கிலோ பை

மஹிமாவின் முதுகுப்பை பதினோரு கிலோ இருந்தது. கீழ்வீட்டு வங்காளிப் பெரியம்மாவை எல்லோரும் மாஷிமா என்றுதான் கூப்பிடுவார்கள்; அவருடைய எடை மெஷினில் மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டாள். முள் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை.

துர்கா பூஜை விடுமுறையில், பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை டார்ஜிலிங் பக்கம் நான்கு நாள் மலையேற அழைத்துப் போகிறார்கள். "அவரவர் பையை அவரவர்தான் தூக்கணும். ஆறு கிலோவுக்கு மேல் இருந்தால் வர முடியாது" என்று சந்தீப் சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாளை சனிக்கிழமை, பள்ளியில் எடை பார்ப்பார்.

மஹிமா ஒரு சாமானை வெளியே எடுத்தால் அம்மா வசந்தி இரண்டை உள்ளே வைத்தாள். இரண்டு கம்பளி, ஊறுகாய் பாட்டில், குடை, மழைக்கோட்டு, பிளாஸ்க், எவர்சில்வர் டம்ளர்.

"டம்ளர் எதுக்கும்மா?"

"கண்ட டம்ளர்ல குடிச்சா ஜுரம் வரும்."

மஹிமா பையை மாட்டிக்கொண்டு, கீழிருந்து மூன்றாம் மாடியில் இருக்கும் தன் வீட்டுக்கு ஏறிப் பார்த்தாள். இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்கியது. அம்மா இறங்கி வந்தாள்.

"இதுக்கேவா? கொடு, நான் தூக்கறேன்."

எட்டுப் படி ஏறினாள் அம்மா. ஒன்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மஹிமாவுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அம்மாவின் முகம் வியர்த்திருந்தது. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரொம்பப் பயமா இருக்காம்மா?"

"நீ ஒரு நாள்கூட என்னை விட்டுத் தனியாத் தங்கினதில்ல. அங்கே போன் பண்ண எஸ்.டி.டி. பூத்கூடக் கிடையாதாம்."

"சரி, பயத்தை எல்லாம் ஒவ்வொண்ணா சொல்லு. ஒரு பயத்துக்கு ஒரு சாமான். அவ்வளவுதான்."

படியிலேயே பையைப் பிரித்தார்கள்.

"குளிர்?"

"ஸ்வெட்டர். போர்த்திக்க ரஜாய் அங்கேயே கொடுப்பாங்க."

"மழை?"

"கோட்டு போதும். குடை காத்துல பறந்துடும்."

"பசி?"

"சமையல்காரர் கூடவே வர்றார்மா."

"ஜுரம்?"

மஹிமா சின்ன மாத்திரை டப்பாவை உள்ளே வைத்தாள். அம்மா தானாகவே டம்ளரை எடுத்து வெளியே வைத்தாள்.

சத்தம் கேட்டு மாஷிமா மேலே வந்தார். பரப்பியிருந்த சாமான்களைத் தாண்டி நின்று, "குரங்குக் குல்லா எங்கே? அது இல்லாமல் மலைக்கா?" என்று வங்காள மொழியில் கேட்டார்.

மஹிமா அம்மாவைப் பார்த்தாள்.

"வேண்டாம் மாஷிமா. ஸ்வெட்டரிலேயே தொப்பி இருக்கு. வீணாக எதற்குச் சுமை?" என்று அம்மாவும் வங்காள மொழியிலேயே பதில் சொன்னாள்.

மறுநாள் அம்மாவும் பள்ளிக்குக் கூட வந்தாள். சந்தீப் சார் பையைத் தராசுக் கொக்கியில் மாட்டினார். "ஐந்து கிலோ எண்ணூறு. சபாஷ்."

அம்மா ஒரு நிமிஷம் யோசித்தாள். "அப்போ இன்னும் இருநூறு கிராம் இருக்கு இல்லையா, சார்?" என்று கேட்டுக்கொண்டே கைப்பையிலிருந்து ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்தாள்.

மஹிமா சிரித்துக்கொண்டே தன் பையின் ஜிப்பைத் திறந்தாள்.