சண்டி அடைகாத்த இடம்

சண்டி எங்கே அடைகாக்கிறது என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று, சண்டி என்ற அந்தக் கோழி. மற்றது, அதை வளர்க்கும் பத்து வயதுத் துஷ்யந்தி.

குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் ஏறி அரைமணி நேரம் போனால் வரும் தேயிலைத் தோட்டத்தில் அவள் வீடு. வீட்டுக்குப் பின்னால் இரண்டு வாரமாகப் பல்கலைக்கழகக் குழு ஒன்று நிலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், இறந்தவர்களின் எலும்புகளைப் பானையில் வைத்துப் புதைத்த இடமாம் அது.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு பானையின் விளிம்பு தெரிந்தது. மீதிப் பானை பக்கத்துப் புதருக்கு அடியில் இருந்தது. புதரை வெட்டினார்கள். உள்ளே பார்த்தால் சண்டி! பன்னிரண்டு முட்டைகளின் மேல் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது.

"வேற இடத்துல வைப்போம்" என்று பேராசிரியர் கையை நீட்டினார். அவர் சிங்களவர், நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசுவார். ஆழம் தெரியாமல் காலை விட்டால் என்ன ஆகும்? ஒரே கொத்து! பேராசிரியர் விரலை உதறிக்கொண்டே பின்வாங்கினார்.

துஷ்யந்தி ஓடிவந்தாள். "தொடாதீங்க சேர்! போன தடவை அம்மா முட்டையை எடுத்துக் கூடையில வச்சாங்க. சண்டி திரும்பியும் பாக்கல. ஒம்பதும் கூமுட்டையாப் போச்சு. இன்னும் மூணே நாள் சேர், குஞ்சு வந்துரும்!"

"வெள்ளிக்கிழமை வேலை முடிக்கணும் மகள். மழையும் வருது. தண்ணி போனா பானை உடையும்" என்றார் அவர்.

துஷ்யந்திக்கு அழுகை வந்துவிட்டது. பானை உடைவதும் பாவம்தானே!

மடவளையிலிருந்து வரும் மாணவி றலியா அவள் தோளைத் தொட்டாள். "அழாதீங்க தங்கச்சி. இங்க வந்து பாருங்க."

அங்கே வேறொரு பானையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் பானையைப் பிடித்து இழுக்கவில்லை. சுற்றிலும் மண்ணை வெட்டி, அடியில் தகரத்தைச் செருகி, மண்ணோடு சேர்த்துத் தூக்கினார்கள்.

"ஏன் அக்கா மண்ணையும் தூக்குறீங்க?"

"பானையை மட்டும் இழுத்தா உள்ளுக்கு இருக்கிறதெல்லாம் இடம் மாறிரும். இப்பிடி எடுத்தா, தன்னைத் தூக்கினதே அதுக்குத் தெரியாது."

துஷ்யந்தி கண்ணைத் துடைத்தாள். "அப்ப சண்டியையும் மண்ணோட தூக்குவோமா?"

பேராசிரியர் கோழியைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார். "செய்வோம்" என்றார்.

முதலில் அம்மாவின் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துத் துஷ்யந்தி சண்டியை மூடினாள். கூடைக்குள் இருட்டானதும் கோழி அடங்கியது. கூட்டைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்ணை வெட்டினார்கள். அடியில் தகரம் போனது. நான்கு பேர் தூக்க, பேராசிரியர் முன்னால் நடந்தார்.

"ஹெமின்... ஹெமின்... மெல்ல!"

பத்தடி தூரத்துக் கொட்டகைக்குப் போய்ச் சேரக் கால்மணி நேரம் ஆனது. சுவாமி ஊர்வலம்கூட இதைவிட வேகமாகப் போயிருக்கும்.

கூடையை எடுத்தார்கள். சண்டி எழுந்து நின்றது. கூட்டை விட்டுப் போய்விடுமோ? சண்டி அலகால் ஒரு முட்டையைப் புரட்டிவிட்டு, மறுபடியும் உட்கார்ந்தது. குனிந்து பார்த்த றலியாவின் மூக்கில் ஒரு கொத்தும் கொடுத்தது.

"கோவமும் அப்பிடியே இருக்கு. ஒண்டும் இடம் மாறல்ல!" என்று றலியா மூக்கைத் தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, சண்டி இருந்த இடத்துப் பானைக்குள் மண்ணைத் தூரிகையால் மெல்லத் தள்ளினார்கள். ஒரு பாசிமணி தெரிந்தது. பக்கத்தில் சின்னச் சின்னப் பற்கள்.

"சின்னப் பிள்ளையா அக்கா?"

"ஓ. மூணு, நாலு வயசு இருக்கும்."

துஷ்யந்தி குனிந்து அந்தப் பற்களைப் பார்த்தாள். இவ்வளவு சின்னப் பிள்ளை இத்தனை காலம் தனியாகக் கிடந்ததே என்று அவளுக்கு நெஞ்சு கனத்தது.

அப்போது கொட்டகையிலிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம். துஷ்யந்தி எழுந்து ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் கைகளுக்குள் ஒரு மஞ்சள் குஞ்சு இருந்தது. பானைக்குப் பக்கத்தில் குந்தி, கைகளைக் கொஞ்சம் திறந்தாள்.

"இங்க பாரு. உனக்கு மேலதான் இது முட்டையா இருந்துச்சு. நீ தனியா இருக்கல, என்ன?"

தூறல் விழத் தொடங்கியது. பேராசிரியர் தன் குடையைப் பானைக்கும் அவளுக்கும் மேலே விரித்து, மூன்று பிள்ளைகளும் நனையாதபடி பிடித்துக்கொண்டார்.