முனகல் போன இடம்

முந்தின நாள் டேப்பிலிருந்து வெட்டி எடுத்த முனகல், காலையில் போட்டுப் பார்த்தால் அதே இடத்தில் மறுபடியும் உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது பாட்டு. சாக்சபோன் ஒதுங்கிக்கொள்ள, டிரம்ஸ்காரர் பிரஷ்ஷால் தோலை வருடிக்கொண்டிருக்க, பாஸ் தந்தி தரையோடு தரையாக அதிர, பியானோ தனியாக மேலே ஏறிப் போகும் இடம். அந்த விரல்களுக்கு அடியில், வாயை மூடிக்கொண்டு கூடவே முனகுகிறார் ஒரு மனிதர். பல்வலிக்காரர் தூக்கத்தில் புரளுகிற மாதிரி. ம்ம்... ம்ம்ம்...

"நேத்துதானே உன்னை ஒழிச்சேன்?" என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கேட்டாள்.

பழைய டேப்புகளைச் சுத்தம் செய்து கொடுப்பது அவள் வேலை. வீட்டின் பின்னறைதான் தொழிற்கூடம். சுவரெல்லாம் பஞ்சு, ஜன்னல் கிடையாது, வெளியே இடி இடித்தாலும் உள்ளே தெரியாது. ஏழு மாத வயிறு மேஜை விளிம்பில் இடித்தது. ஹெட்போன் காதைப் புண்ணாக்கிவிட்டதால் சில வாரமாக எல்லாவற்றையும் ஸ்பீக்கரில்தான் ஓட விட்டிருந்தாள்.

நாலு பேர் வாசித்த ஜாஸ் ஆல்பம் அது. பாட்டெல்லாம் பியானோக்காரர் எழுதியது, குழுவும் அவருடையது. எந்தப் பாட்டையும் அவர் சட்டென்று முடிக்க மாட்டார். கடைசி சுரத்துக்கு முன்னால் நிறுத்துவார். முடிந்துவிட்டது என்று கேட்கிறவர் மூச்சு விடும்போது அதை அடிப்பார். ரசிகர்கள் அதற்கே உருகுவார்கள். வாசித்துக்கொண்டே அவர் முனகுகிற அந்த முனகலுக்கும் உருகுவார்கள். ஆல்பத்தை மறுபடி வெளியிடுவதற்காக டேப்பைக் கொண்டுவந்து கொடுத்த அவர் மனைவிதான் உருகவில்லை.

"அந்த முனகல் மட்டும் இருக்கக் கூடாது, கண்ணு."

"அது ரசிகர்களுக்கு ரொம்பப் பிடிக்குமே, அம்மா?"

"ரசிகர்கள் வீட்டுல அது சாப்பிட உட்காரலையே." அந்த அம்மா சிரிக்கவில்லை. "அவர் போய் ஒரு வருஷம் ஆச்சு. இன்னும் என் வீட்டுல முனகிட்டுத்தான் இருக்கு. இந்த டேப்லேர்ந்து போனா வீட்டைவிட்டும் போயிடும்னு தோணுது."

வயசான மனசு என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

இப்போது அவளுக்கே பொறுமை போய்விட்டது. இங்கே வெட்டினால் அங்கே கேட்டது. அங்கே அழுத்தினால் பியானோ ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆனது. கணவன் கதவைத் திறந்து தலையை நீட்டினான்.

"உங்க அம்மாகூட இவ்வளவு நாள் வந்து தங்கினதில்ல. இந்த மனுஷர் எப்பத்தான் கிளம்புவாரு?"

"கிண்டல் பண்ணாதீங்க. எரிச்சலா வருது."

"டாக்டர் என்ன சொன்னாங்க? ரெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. போன தடவை மாதிரி..." பாதியில் நிறுத்திக்கொண்டான். போன தடவை குழந்தை தங்கவில்லை. அந்தப் பேச்சை இருவரும் வீட்டுக்குள் எடுப்பதில்லை. "உள்ள இருக்கறதுக்கு இப்பக் காது கேக்குமாம். நல்லதா ஏதாவது போட்டுக் காட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மத்தியானம் அந்தத் தப்பைச் செய்தாள். தொழிலில் யாரும் செய்யக் கூடாதது, எரிச்சலில் செய்வது.

சத்தத்தை வெட்டிய இடத்தை அப்படியே விட்டுவிட முடியாது. ஒன்றுமே இல்லாத இடம் காதுக்குக் கிணறு மாதிரி, கேட்கிறவர் தடுக்கி விழுந்துவிடுவார். வாசித்த கூடத்தின் வெறும் அமைதியைக் கொஞ்சம் எடுத்து அங்கே ஒட்டுப் போட வேண்டும். இந்த டேப்பில் அந்த அமைதியே இல்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில்கூட மனிதர் முனகினார். அதனால், வேறு இடத்து அமைதியை ஒட்டக் கூடாது என்று தெரிந்தும், தன் அறையின் அமைதியை எடுத்தாள். மைக்கை வைத்து, உதட்டை இறுக்கி, அசையாமல் உட்கார்ந்து பதிவு செய்தாள். அந்தக் கூடத்துக்குள் இந்த அறையைத் துண்டு துண்டாகத் தைத்தாள்.

போட்டுக் கேட்டாள். பியானோ ஏறியது. தனியாக.

ஆல்பம் முழுக்க ஓட விட்டாள். இல்லை. எங்கேயும் இல்லை. அவளுக்கு அழுகையே வந்தது. உடனே அனுப்பிவைத்தாள்.

மறுநாள் காலை அந்த அம்மா போனில் கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது, நன்றாகத் தூங்கி எழுந்த குரல்.

"வீடு அமைதியாயிடுச்சு, கண்ணு. எங்க போட்டே அதை?"

"எங்கயும் போடலம்மா. அழிச்சுட்டேன்."

"அழிக்கிறதா?" அந்த அம்மா திருப்பிக் கேட்டார். "அதுக்கு இருக்க ஒரு இடம் வேணுமே."

போனை வைத்ததும் பின்னறைக்குப் போனாள். கணவன் வேலைக்குப் போயிருந்தான். கதவைச் சாத்தினாள். பஞ்சின் பழைய வாசனை, சூடேறிய வயரின் வாசனை. ஒரு சத்தமும் இல்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சின்ன ரெக்கார்டரை எடுத்து, அறையின் அமைதியை மறுபடி பதிவு செய்து, காதோரம் வைத்துக் கேட்டாள்.

ம்ம்... ம்ம்ம்...

கம்ப்யூட்டர் காற்றாடியாக இருக்கும் என்று அணைத்தாள். ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். டியூப் லைட் ரீங்கரிக்கிறதோ என்று அதையும் அணைத்துவிட்டு, ரெக்கார்டரில் மறுபடி பதிவை ஆரம்பித்தாள். இருட்டு. ரெக்கார்டரில் மட்டும் ஒரு வரிசைப் பச்சை விளக்கு, சத்தம் கூடக் கூட ஏறுவது. இப்போதும் பாதி வரை ஏறி நின்றது.

வாயை மூடிக்கொண்டு அதைக் கையில் பிடித்தபடி சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடினாள். சுவர்ப்பக்கம் நீட்டினால் இறங்கியது. கதவுப்பக்கமும் இறங்கியது. மேஜைக்கு அடியில் குனிய முடியாமல் குனிந்தாள். அங்கேயும் இறங்கியது.

தன் பக்கம் திருப்பினாள்.

ஏறியது.

நான்தானா? தொண்டையில் வைத்தாள். கொஞ்சம். நெஞ்சில் வைத்தாள். இன்னும் கொஞ்சம்.

கை அதுவாகக் கீழே போனது.

பச்சை மஞ்சளானது. மஞ்சள் சிவப்பானது. கடைசி விளக்கு வரை சிவப்பு.

ரெக்கார்டர் விழுந்தது. இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். தோல் வெதுவெதுப்பாக அதிர்ந்தது, வாயை மூடி முனகுகிறவரின் கன்னம் மாதிரி.

உள்ளே சின்னதாய் ஓர் உதை. இன்னொன்று. தள்ளித் தள்ளி, ஏறுவரிசையில், விரல்கள் நடக்கிற மாதிரி.

நின்றது.

குழந்தைதான். குழந்தை உதைக்கும். எல்லாக் குழந்தையும் உதைக்கும்.

மூச்சை விட்டாள்.

அப்போதுதான் கடைசி உதை விழுந்தது.